ஏறாத வண்டிக்கு எழுதிய நோட்டு

அக்டோபர் 16, புதன்

ஜபருல்லா பாய் சொன்னதால் இதை எழுதுகிறேன். மற்றபடி எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. முதல் நாலு பக்கத்தில் என் மனைவி பவுன்தாய் கோலம் போட்டுப் பழகியிருந்தாள். அதைக் கிழித்துவிட்டு ஆரம்பிக்கிறேன். அதற்கே அவள் மூன்று மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பாய் போடியில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். நேற்று போனில், "வண்டி மழையில ஏற மாட்டேங்குது பாய்" என்றேன்.

"ஏறலன்னு மொட்டையா சொன்னா நான் என்னத்தப்பா பாக்குறது? எந்த இடம், என்ன லோடு, நீ என்னென்ன செஞ்ச, ஒண்ணு விடாம தேதி போட்டு எழுதிட்டு வா" என்றார்.

சரி, ஒன்று விடாமல் எழுதுகிறேன். டிரைவர் பெயர் மொக்கச்சாமி, வயது நாற்பத்தாறு. வண்டி பழைய ஃபோர் வீல் பிக்கப். கரட்டுப்பட்டியிலிருந்து மலையில் வேங்கைப்பாறை வரை பதினோரு கிலோமீட்டர் ஓட்டம். போகும்போது ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், ஆட்கள். வரும்போது காபி, எலுமிச்சை, அதே ஆட்கள். தார் ரோடு முனியாண்டி கல்லோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மண். நடுவில் உடும்பு ஓடை. இந்தப் பக்கம் இறங்கி, தண்ணீரைக் கடந்து, அந்தப் பக்கம் ஏற வேண்டும். இரண்டு கரையும் செம்மண், இரண்டும் செங்குத்து.

நேற்று செய்தது: முனியாண்டி கல்லில் நிறுத்தினேன். இறங்கினேன். சாமி கும்பிட்டேன். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகை 'லாக்' என்று எழுதியிருக்கிற இடத்துக்குத் திருப்பினேன். அது லாக்கில் இருந்தால்தான் முன்பக்கம் இழுக்கும். அதன் மேல் விபூதி வைத்தேன். ஏறி உட்கார்ந்து சின்ன லீவரை இழுத்து ஃபோர் வீல் போட்டேன். பன்னிரண்டு வருடமாகச் செய்வதுதான், ஒரு மாற்றமும் இல்லை. ஓடையின் அந்தக் கரையில் பாதி ஏறி, பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்கே வந்துவிட்டது.

ஒன்று விடாமல் என்றதால் இதையும் எழுதுகிறேன். முன்பெல்லாம் அந்தக் கல்லில் நான் என் பக்கம் இறங்குவேன், மாப்பிள்ளை சுருளிவேல் அவர் பக்கம் இறங்குவார். என் தங்கை ராமுத்தாயின் வீட்டுக்காரர். வண்டியில் பாதி அவருடையது. ஆயுத பூசையிலிருந்து அவர் வண்டியில் வருவதில்லை. அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மழை இல்லை. வண்டி கிண்ணென்று ஏறியது. அப்படியானால் கோளாறு மழையில்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

வண்டி கழுவினோம். நான் தண்ணீர் ஊற்ற, பவுன்தாய் தேய்த்தாள். வலது பக்கம் முடித்துவிட்டு இடது பக்கம் போனவள் அங்கிருந்தே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பக்கத்துச் சக்கரத்துல அப்பிக் கெடக்குற விபூதிய தேச்சுத் தேச்சு கை வலிக்குது. இங்கிட்டு ஒரு பொட்டுக்கூட இல்ல. முனியாண்டி ஒங்க பக்கத்துக்கு மட்டுந்தான் காவலா?"

"சாமி விசயத்துல வெளையாடாத" என்றேன். இவளுக்கு எதையாவது குத்திக்காட்டாவிட்டால் தூக்கம் வராது. மாப்பிள்ளை வராததைச் சொல்கிறாள் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை.

அக்டோபர் 23, புதன்

ராத்திரியெல்லாம் மழை. எட்டு மூட்டை அரிசி, மூன்று சிலிண்டர், ஆறு பேர். கல்லில் இறங்கி எல்லாம் முறைப்படி செய்தேன். ஓடையில் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆறு பேரும் மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பழனியாத்தா என்கிற கிழவி என் காதுபடவே, "சுருளி இருந்தா ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த ஆள் ஸ்டீரிங்கைத் தொட்டதே கிடையாது. அவர் இருந்தால் எப்படி ஏறும்?

சாக்கும் கல்லும் போட்டு, இந்தக் கரையில் வெயில் பட்டுக் காய்கிற வரை காத்திருந்து, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திரும்ப முடிந்தது.

பாய் கேட்பார், அதனால் ஆயுத பூசைச் சண்டையையும் எழுதிவிடுகிறேன். வண்டிக்கு மாலை போட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை பேச்சை எடுத்தார்.

"மச்சான், பின்னாடி ஒரு சக்கரம் சேத்துல விழுந்தா இழுவை பூரா அதுக்கே போயிருது. அது சும்மா மண்ண வாரி இறைக்குது, நல்ல தரையில நிக்கிற சக்கரம் வேடிக்கை பாக்குது. பின் அச்சு கிரவுனுக்குள்ள ஒரு லாக் போட்டுட்டா ரெண்டும் சேந்து சுத்துமாம். இந்த மழைக்குள்ள போட்டுருவோம். ராமுக்கு வேற பேறுகாலம் நெருங்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் இந்த மலையில் ஏற்றியிறக்கியவன் நான். என் கை போதாதென்று ஒரு இரும்பை உள்ளே மாட்ட வேண்டுமா? நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் நடந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

வண்டியைப் பாயிடம் கொண்டுபோனேன். நான் எதிரே டீக்கடையில் இருக்க, அவரே சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்து, ஏறி, பக்கத்துச் செங்கல் சூளையின் மேட்டில் ஃபோர் வீலில் ஏற்றிக் காட்டினார். நேற்றுப் பெய்த மழையில் அந்த மேடு களிமண்ணாகக் கிடந்தது. வண்டி பூனை மாதிரி ஏறிவிட்டது. பாய் மறுபடி குனிந்து திருகை விடுவித்து, சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லப்பா வண்டில. நல்லாத்தான் இருக்கு. கூட ரெண்டு தடவை எழுதிட்டு வா."

பல் டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போய்விடுகிற கதைதான். நோட்டைக் கொடுத்தேன், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மலை மேலே யாரோ வண்டிக்கு ஏதோ செய்கிறார்கள் என்று ஒரு சந்தேகம். யார் என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ராமுத்தாயும் மாப்பிள்ளையும் வராத முதல் தீபாவளி. எடுத்து வைத்த சேலையும் வேட்டியும் பீரோவிலேயே இருக்கின்றன. பவுன்தாய் முறுக்கு சுட்டுவிட்டு, "யாரு திங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள்ளேயே இருந்தாள்.

மதியம் ராமு போன் செய்தாள். வேங்கைப்பாறையில் ஒரே ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். எட்டரை மாத வயிற்றோடு பாறையில் ஏறியிருக்கிறாள். திட்டினேன்.

"நல்லா திட்டு. தீபாவளிக்குத் தங்கச்சியத் திட்டுற அண்ணன் ஒருத்தன் வேணும்ல" என்றாள். நவம்பர் இருபது என்று நாள் குறித்திருக்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்று நர்சம்மா கண்டித்துச் சொன்னாளாம்.

இது அவளுக்கு மூன்றாவது. முதலாவது மூன்று மாதத்தில் போனது. இரண்டாவதை நிறைமாதத்தில், இதே ஐப்பசி மழையில், டோலி கட்டித் தூக்கி வந்தோம். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் நான். உடும்பு ஓடை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. அடுத்த தை மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்த வண்டியை வாங்கினோம். இந்த வண்டி எதற்காக வாங்கியது என்று எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்று நாளாக வெயில். வண்டி ஏறியது. ராமுவைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று போனேன். மாப்பிள்ளை தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். கொல்லைப்பக்கம் அவர் இருமியது எனக்குக் கேட்டது.

"துணிமணிய எடு, போவோம்" என்றேன்.

"வரல."

"என்ன வெளையாடுறியா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டில வந்து கூப்பிடுங்க, வாரேன். ஒருத்தர விட்டுட்டு ஒருத்தரு பின்னாடி வர நான் என்ன மூட்டையா?" என்றவள், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அண்ணே, அன்னிக்கு அவர என்ன சொன்ன? கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்துக்கிறாரு."

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். கொல்லைப்பக்கம் நாலு அடி எடுத்து வைத்திருக்கலாம்.

நவம்பர் 6, புதன்

மழை.

நவம்பர் 7, வியாழன்

மழை. உடும்பு ஓடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இறங்கத் தைரியம் வரவில்லை. எனக்குத் தைரியம் இல்லாமல் போனதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, நோட்டில்தான் எழுத முடியும். பாயிடம் போன் செய்து அந்தக் கிரவுன் லாக்கை உடனே போட முடியுமா என்று கேட்டேன். சாமான் வர ஒரு வாரம் ஆகுமாம்.

நவம்பர் 9, சனி. அரசு ஆஸ்பத்திரி வராண்டா, மதியம்

நோட்டு வண்டியிலேயே கிடந்தது, மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலை ஆறே காலுக்கு போன். ராமுவின் பக்கத்து வீட்டுக்காரர் பாறையில் ஏறி நின்று கத்துகிறார். பனிக்குடம் உடைந்துவிட்டது. டோலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்டியைக் கொண்டு வா.

டோலி என்ற சொல்லைக் கேட்டதும் சாவி எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. பவுன்தாய் சாவியை எடுத்துக் கையில் திணித்தாள். "போய் ஏத்திட்டு வாங்க. மாப்ளைய பாத்தா வாயத் தொறக்காதீங்க. தொறந்தா நல்ல வார்த்தைக்குத் தொறங்க."

முனியாண்டி கல்லில் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை. திருகை லாக்கில் திருப்பி, சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, ஒரு கை விபூதியை அப்பிவிட்டு ஏறினேன்.

ஓடையில் தண்ணீர் பாதிச் சக்கரம் ஓடியது. கடந்துவிட்டேன். அந்தக் கரையில் நாலு தடவை முட்டினேன். நாலு தடவையும் பின் சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி அடித்ததே தவிர வண்டி ஏறவில்லை. கியர் மாற்றினேன், திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பாய் படிக்கிறதென்றால் படிக்கட்டும்.

தலையை நிமிர்த்தினால் டோலி கரையில் இறங்கி வருகிறது. முன்னால் மாப்பிள்ளை. வெறுங்கால், முழங்கால் வரை சேறு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் இருந்த அதே முனையில் இருந்தார். பின்னால் மட்டும் நான் இல்லை, வேறு யாரோ.

தண்ணீருக்குள்ளேயே வண்டியைத் திருப்பினேன். ராமுவைத் தூக்கிச் சீட்டின் நடுவில் உட்கார வைத்தார்கள். தூக்கி வந்தவர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது ஏறுமா?" என்றாள். எதிரே இந்தக் கரை, செம்மண் கூழாக வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். கதவைத் திறக்கும் முன்னால், தன் போக்கில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் குனிந்து கையை விட்டார்.

டக்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எவ்வளவு நாளாயிற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டு என்று நினைத்தேன்.

சக்கரம் இரண்டு. திருகும் இரண்டு. நான் இறங்குவது ஒரு பக்கம்.

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். லீவரை இழுத்து, சின்ன கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டேன். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. அதற்குள் முன்பக்கம் மண்ணைக் கவ்வி இழுத்தது. வண்டி ஏறியது. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. நான் ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூட இல்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முனியாண்டி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கல்லுக்கு வந்ததும் பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போனது. ராமு பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமிய நாளைக்குக் கும்பிடலாம், வண்டிய எட்றா!" என்றாள். அண்ணன் என்ற மரியாதை அந்த இடத்தில் போய்விட்டது. லீவரை மட்டும் தள்ளிவிட்டுப் பறந்தேன்.

பத்து ஐம்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அழுத சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. தாய்க்கும் நல்ல சுகம். பஸ் பிடித்து வந்து சேர்ந்த பவுன்தாய் ஒரு பக்கம் அழ, நான் ஒரு பக்கம் அழ, மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆயுத பூசையன்று நான் சொன்னது இதுதான். "வண்டியப் பத்தி ஒனக்கு என்னய்யா தெரியும்? பன்னெண்டு வருசமா எறங்கி ஏறுனதத் தவிர நீ என்ன வேல செஞ்சிருக்க?"

எழுதிவிட்டேன். இருபது பேர் சுற்றி நிற்கும்போது சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவரிடம் போனேன். டீ வாங்கிப் போயிருந்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"மாப்ள, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

அவர் டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது மட்டுமில்ல. ஒரு மாசமா வண்டி ஏறல. ஏன்னு நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. நீ வராததுலருந்து இடது பக்கத்துத் திருக யாருமே திருப்பல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஒத்தப் பக்கம் மட்டும் லாக் போட்டு ஒரு மாசமா ஓட்டுனீங்களா மச்சான்?"

"ஆமா."

"எறங்கி, சாமி கும்புட்டு, ஒத்தப் பக்கம் மட்டும்?"

"ஆமாய்யா."

வாயை மூடிக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. டீ சட்டையில் கொட்ட, குனிந்து குனிந்து சிரித்தார். வாட்ச்மேன் வந்து, இது ஆஸ்பத்திரி என்று சத்தம் போட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

"நேத்து நீங்க வண்டிய முட்டுற சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. இந்தத் தடவையும் அதே ஓடையான்னு நெனச்சேன் மச்சான். என் கால் நகரல. பின்னாடி தூக்குனவுகதான் தள்ளிக் கொண்டாந்தாக."

அவர் தோளில் கையைப் போட்டேன். மனசிலிருந்து ஒரு லோடு இறங்கின மாதிரி இருந்தது. மதியம் வராண்டாவில் நான் நன்றாகத் தூங்கினேன், அவரும் பக்கத்துப் பெஞ்சில் குறட்டை விட்டார்.

நவம்பர் 13, புதன்

ராமுவும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தாயிற்று. தீபாவளிச் சேலையைப் பவுன்தாய் இன்றுதான் கொடுத்தாள். விசயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பழனியாத்தா சந்தையில் என்னைப் பார்த்து, "என்னப்பா, ரெண்டு பக்கமும் எறங்குனியா?" என்கிறது. கேட்டால் கேட்கட்டும்.

நவம்பர் 18, திங்கள். பாய் ஒர்க்‌ஷாப்

சாமான் வந்துவிட்டது. நானும் மாப்பிள்ளையும் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறோம். பின்பக்கத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்குப் பாய் கண்ணாடி வைத்திருந்தார். நோட்டை வாங்கி டீ குடித்துக்கொண்டே படித்தார். இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோளாறுதான் மொத நாளே ஒன் கையால எழுதி வச்சிருக்கியேப்பா! நீ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்னு. சம்பந்தமில்லன்னு வேற எழுதியிருக்க. அடுத்து விபூதி. ஒன் பொண்டாட்டி கண்டுபிடிச்சுக் கையில குடுத்துருக்கு."

"முன்னாடி ஒண்ணாவது இழுத்திருக்கணும்ல பாய்?"

"எப்படி இழுக்கும்? லாக் போடாத பக்கம் உள்ள இருக்கிற தண்டு சும்மா சுத்தும். இழுவை பூரா அதுக்குப் போயிரும். நீ போட்ட லாக்கு போட்டும் பிரயோசனமில்ல."

மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி, தகரச் சுவரில் எதையோ படிக்கிற மாதிரி நின்றார். தோள் குலுங்கியது.

சாயங்காலம் பாய் வண்டிக்குள் உட்கார்ந்து ஒயரும் கையுமாகக் கேட்டார். "உள்ள ஒரு சுவிட்ச் வரும். அத அமுக்குனாத்தான் பின்னாடி லாக் விழும். எங்க வைக்க? ஸ்டீரிங்குக்குப் பக்கத்துலயா?"

"வேணாம் பாய். இடது பக்கம் வைங்க. கதவோரமா."

பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாப்பிள்ளை, "மச்சான், நான் வராத அன்னிக்கு ஒங்களுக்கு எட்டாதே" என்றார்.

"எட்ட வேணாம்" என்றேன்.

பாய் ஒயரை அந்தப் பக்கம் இழுத்தார்.